உங்கள் போட்டோக்களுக்கு இணையத்தில் ஒரு கடை: எந்தத் தளத்தைத் தேர்ந்தெடுப்பது?

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. கேமராவிலும் மொபைல் போனிலும் எடுத்த போட்டோக்களை ஹார்ட் டிஸ்க்கில் போல்டர் போல்டராகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். பார்த்தவர்கள் எல்லாம் "நன்றாக இருக்கிறதே, இன்டர்நெட்டில் போட்டு விற்கலாமே" என்கிறார்கள். உடனே கூகுளில் தேடுகிறீர்கள். ஐம்பது பெயர்கள் வந்து நிற்கின்றன. ஒன்று இலவசம் என்கிறது. இன்னொன்று ஆண்டுச் சந்தா கேட்கிறது. எல்லாமே "இன்றே சேருங்கள்" என்கின்றன. எதில் சேர்வது?

நான் சாப்ட்வேர் இன்ஜினியர், போட்டோகிராபர் அல்ல. ஆனால் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் ஒருவன் இருந்தால், இந்த மாதிரிக் கேள்விகள் எல்லாம் அவனிடம்தான் வரும். அப்படி ஒரு கேள்விக்காக நான் பல தளங்களின் விதிமுறைகளை உட்கார்ந்து படித்தேன். அதில் தெரிந்து கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். "இதுதான் சிறந்த தளம்" என்று ஒரு பெயரைச் சொல்லி முடிக்கப் போவதில்லை. எந்தக் கேள்விகளைக் கேட்டால் உங்களுக்கான தளம் தானாகவே தெரிய வரும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். காட்டுவது வேறு, விற்பது வேறு. ஜவுளிக் கடையில் வாசலில் இருக்கும் கண்ணாடி அலமாரியும், உள்ளே இருக்கும் கல்லாவும் ஒன்றல்ல அல்லவா? இணையத்திலும் அப்படித்தான். சில தளங்கள் அலமாரிகள். சில தளங்கள் கல்லாக்கள். இரண்டையும் ஒரே இடத்தில் தேடுவதால்தான் குழப்பம் வருகிறது.

யார் வாங்கப் போகிறார்கள்?

எடுத்துக்காட்டாக என் மாமாவின் கதையைச் சொல்கிறேன். அவர் கும்பகோணத்தில் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ என்று ஓடிக் கொண்டிருந்த தொழில். எல்லோர் கையிலும் மொபைல் கேமரா வந்த பிறகு வருமானம் குறைந்துவிட்டது. ஆனால் அவரிடம் ஒரு சொத்து இருக்கிறது. 2016 பிப்ரவரியில் நடந்த மகாமகத்தின்போது தன் விருப்பத்துக்கு எடுத்த சுமார் 600 டிஜிட்டல் படங்கள். 2004 மகாமகத்தில் எடுத்த பிலிம் நெகட்டிவ்களும் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. மகாமகம் 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது. அடுத்தது 2028ல்.

இந்த நிலையில், புத்தகம் போடப் போவதாகச் சொன்ன ஒருவர் மாமாவிடம் வந்தார். மொத்தப் படங்களுக்கும் 15,000 ரூபாய் தருவதாகவும், எல்லா உரிமைகளையும் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டார். மாமாவுக்குப் பணம் தேவை. அப்போதுதான் எனக்குப் போன் செய்தார். "மாப்பிள்ளே, இன்டர்நெட்டில் போட்டால் இதைவிட அதிகம் வருமா, வராதா? அதை மட்டும் சொல்லு" என்றார்.

அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. வாங்குபவர் யார் என்று முதலில் பிரிக்க வேண்டும். போட்டோ வாங்குபவர்கள் பொதுவாக மூன்று வகை.

1. உங்களை வேலைக்கு அழைப்பவர். கல்யாணத்துக்கு ஆள் தேடுகிறவர் இவர். இவர் படத்தை வாங்கவில்லை, உங்கள் கைத்திறனை வாங்குகிறார். இவருக்கு உங்களின் சிறந்த 20 படங்களும் போன் நம்பரும் போதும்.

2. படத்தைச் சுவரில் மாட்ட நினைப்பவர். இவருக்குப் பிரிண்ட் வேண்டும். கேன்வாஸ், பிரேம் என்று கேட்பார்.

3. படத்தைப் பயன்படுத்த நினைப்பவர். பத்திரிகை, பாடப் புத்தகம், விளம்பர நிறுவனம், சுற்றுலா ஏஜென்ட் ஆகியோர் இந்த வகை. இவர்களுக்குத் தேவை உரிமம், அதாவது லைசென்ஸ். படத்தின் சொந்தக்காரர் நீங்களாகவே இருப்பீர்கள். பயன்படுத்தும் அனுமதியை மட்டும் அவர்கள் விலைக்கு வாங்குவார்கள்.

மாமாவின் கல்யாணப் படங்கள் முதல் வகைக்கு. மகாமகப் படங்கள் மூன்றாவது வகைக்கு. ஒரே ஆளின் படங்கள்தான், ஆனால் போக வேண்டிய இடங்கள் இரண்டு.

உங்கள் படம் விற்கும் அளவில் இருக்கிறதா?

தளத்தைத் தேடுவதற்கு முன் பைலைச் சோதித்துப் பாருங்கள். விண்டோஸில் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். டீட்டெய்ல்ஸ் டேபில் டைமென்ஷன்ஸ் என்ற வரியைப் பாருங்கள். 4000 x 3000 என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். 1 கோடியே 20 லட்சம் பிக்ஸெல், அதாவது 12 மெகாபிக்ஸெல்.

நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்ஸெல் என்று கணக்கு வைப்பார்கள். 4000ஐ 300ஆல் வகுத்தால் 13 அங்குலம். 3000ஐ வகுத்தால் 10 அங்குலம். ஆக இந்தப் படத்தை 13 x 10 அங்குலத்துக்குத் தெளிவாகப் பிரிண்ட் போடலாம். அதுவே 1600 x 1200 என்றால் 5 x 4 அங்குலம்தான். தபால் அட்டை அளவைத் தாண்டாது.

ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் போன்ற தளங்கள் குறைந்தது 4 மெகாபிக்ஸெல் எதிர்பார்க்கின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் பிக்ஸெல் குறைந்துதான் வந்து சேரும். எனவே வாட்ஸ்அப் போல்டரில் இருக்கும் படத்தை விற்பனைக்கு எடுக்காதீர்கள். கேமராவிலிருந்து நேரடியாக காப்பி செய்த ஒரிஜினல் பைல்தான் வேண்டும்.

முதல் வகை: ஸ்டாக் தளங்கள்

ஸ்டாக் தளம் என்பது படக் கிடங்கு. நீங்கள் படங்களை அப்லோட் செய்து, தலைப்பும் தேடல் சொற்களும் கொடுக்கிறீர்கள். தளத்தினர் பரிசோதித்து ஏற்றுக் கொள்வார்கள். உலகில் எங்கோ இருக்கும் ஒருவர் அதற்கு லைசென்ஸ் வாங்கும்போது, அந்தத் தொகையில் ஒரு பங்கு உங்களுக்கு வரும். சேர்வதற்குக் கட்டணம் இல்லை.

2000ஆம் ஆண்டு கனடாவின் கால்கரி நகரில் தொடங்கிய ஐஸ்டாக்போட்டோ இந்த முறைக்கு வழி காட்டியது. அதை 2006ல் கெட்டி இமேஜஸ் நிறுவனம் 5 கோடி டாலருக்கு வாங்கியது. ஷட்டர்ஸ்டாக் 2003ல் நியூயார்க்கில் தொடங்கியது. அடோபி நிறுவனம் போட்டோலியா என்ற தளத்தை வாங்கி, 2015ல் அடோபி ஸ்டாக்கைக் கொண்டு வந்தது. இங்கிலாந்தின் அலமி தளம் 1999ல் தொடங்கியது.

இப்போது பங்கு எவ்வளவு என்று பார்ப்போம். அடோபி ஸ்டாக் போட்டோவுக்கு 33 சதவீதம் தருகிறது. ஐஸ்டாக்கில் எக்ஸ்க்ளூசிவ் அல்லாதவருக்குப் போட்டோவுக்கு 15 சதவீதம். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் புதிய முறையைக் கொண்டு வந்தது. அதன்படி 15 சதவீதத்தில் தொடங்கி, விற்பனை கூடக் கூட 40 சதவீதம் வரை ஏறலாம். ஆனால் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் எல்லோரும் மறுபடியும் கீழ்ப்படியில் இருந்தே தொடங்க வேண்டும். இதைப் பல போட்டோகிராபர்கள் எதிர்த்தார்கள். விகிதங்கள் இப்படி மாறக்கூடியவை என்பதால், நீங்கள் சேரும் நாளில் அந்தத் தளத்தின் பக்கத்தில் ஒரு முறை சரி பார்த்துக் கொள்ளுங்கள்.

சதவீதத்தைவிட முக்கியம், எதன் மீது அந்தச் சதவீதம் என்பது. மாதச் சந்தா கட்டியவர் நூற்றுக்கணக்கான படங்களை டவுண்லோட் செய்வார். அதனால் ஒரு படத்தின் விலை சில்லறையாகிவிடும். ஒரு டவுண்லோடுக்கு உங்களுக்கு 33 சென்ட் வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அடோபி ஸ்டாக்கில் பணத்தை எடுக்கக் குறைந்தபட்சம் 25 டாலர் சேர வேண்டும். 25ஐ 0.33ஆல் வகுத்தால் 76 வரும். ஆக 76 முறை டவுண்லோட் ஆனால்தான் முதல் பணம் உங்கள் கைக்கு வரும். ஒரு டவுண்லோடுக்கு 10 சென்ட்தான் என்றால், அதே 25 டாலருக்கு 250 டவுண்லோட் வேண்டும்.

இதனால்தான் மாமாவிடம் "15,000 ரூபாயை இன்டர்நெட் இந்த வருடமே தந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்" என்றேன். ஸ்டாக் தளம் தென்னங்கன்று போன்றது. வைத்தவுடன் காய்க்காது.

எந்தப் படம் அங்கே போகும் என்பதையும் பார்க்க வேண்டும். சூரியன் மறையும் கடற்கரையும் ரோஜாப் பூவும் ஏற்கெனவே லட்சக்கணக்கில் இருக்கின்றன. வேறு யாரும் எளிதில் எடுக்க முடியாத படத்துக்குத்தான் மதிப்பு. பாத்திரம் வார்க்கும் பட்டறை, பாய் நெய்யும் கை, வெற்றிலைக் கொடிக்கால், 12 ஆண்டுக்கு ஒரு முறை வரும் குளக்கரைக் கூட்டம் ஆகியவற்றை வெளிநாட்டுப் போட்டோகிராபர் நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது.

ஒரு முக்கிய விதி. படத்தில் ஒருவரின் முகம் அடையாளம் தெரிந்தால், அதை விளம்பரத்துக்கு விற்க அவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். இதற்கு மாடல் ரிலீஸ் என்று பெயர். குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் இது நடக்காத காரியம். அத்தகைய படங்களை எடிட்டோரியல் என்ற பிரிவில் தரலாம். செய்தி, கட்டுரை, புத்தகம் ஆகியவற்றில் மட்டும் அவை பயன்படும். விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது. எடிட்டோரியல் படத்துக்கு இடம், தேதி, நிகழ்ச்சி ஆகியவை சரியாக எழுதப்பட வேண்டும். அலமியும் ஷட்டர்ஸ்டாக்கும் இப்படிப்பட்ட படங்களை ஏற்கின்றன.

இரண்டாம் வகை: காட்டும் தளங்கள்

பிளிக்கர், இன்ஸ்டாகிராம், 500பிஎக்ஸ் ஆகியவை இந்த வகை. இங்கே பார்வையாளர்கள் அதிகம். பாராட்டும் கிடைக்கும். பணம் நேரடியாக வராது. முன்பு சொன்ன முதல் வகை வாடிக்கையாளரை, அதாவது உங்களை வேலைக்கு அழைப்பவரைப் பிடிக்க இவை உதவும்.

இவற்றில் ஒரிஜினல் பைலைப் போட வேண்டாம். சிறிய பிரதி ஒன்றைத் தயார் செய்யுங்கள். படத்தைப் பெயிண்ட் புரோகிராமில் திறந்து, ரீசைஸ் கிளிக் செய்து, பிக்ஸெல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அகலத்துக்கு 1600 கொடுங்கள். உயரம் தானாக மாறும். பிறகு சேவ் ஆஸ் மூலம் வேறு பெயரில், வேறு போல்டரில் சேமித்திடுங்கள். வெறும் சேவ் கொடுத்தால் ஒரிஜினல் அழிந்து சிறிய படம் மட்டும் மிஞ்சும். கவனம்!

இன்னொரு பாதுகாப்பு. மொபைல் போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விபரம் ஒளிந்திருக்கும். உங்கள் வீட்டில் எடுத்த படம் என்றால் வீட்டு முகவரியைத் தருவது போலத்தான். அதே பிராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ் பகுதியில், கீழே ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்பர்மேஷன் என்ற இணைப்பு இருக்கும். அதைக் கிளிக் செய்து, இந்தப் பைலிலிருந்து நீக்கு என்ற பிரிவில் ஜிபிஎஸ் வரிகளை மட்டும் டிக் செய்து ஓகே கொடுங்கள். காப்பிரைட் என்ற வரியில் உங்கள் பெயரை எழுதி வைக்கவும் மறவாதீர்கள்.

இன்ஸ்டாகிராமின் விதிமுறைகளில் ஒன்றையும் தெரிந்து கொள்ளுங்கள். படம் உங்களுடையதுதான் என்று அவர்கள் ஒப்புக் கொள்கிறார்கள். ஆனால் அதைக் காட்ட, காப்பி எடுக்க, பிறருக்கும் அந்த அனுமதியைக் கைமாற்றித் தர, ராயல்டி இல்லாத உரிமம் ஒன்றை உங்களிடம் வாங்கிக் கொள்கிறார்கள். காட்டும் தளங்கள் பலவற்றிலும் இது போன்ற வரி இருக்கும். பெரிய பைலைப் போட வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் வகை: சொந்தக் கடை

ஸ்மக்மக் 2002ல் தொடங்கிய கட்டணத் தளம். ஆண்டுக்கோ மாதத்துக்கோ பணம் கட்டினால் உங்கள் பெயரில் கேலரி கிடைக்கும். விலையை நீங்களே வைக்கலாம். வாடிக்கையாளருக்கு மட்டும் பாஸ்வேர்ட் போட்டு ஆல்பம் காட்டலாம். பைன் ஆர்ட் அமெரிக்கா போன்ற தளங்களில், ஆர்டர் வந்த பிறகே பிரிண்ட் போட்டு அனுப்புவார்கள். பிரிண்ட் செலவுக்கு மேல் எவ்வளவு லாபம் வேண்டும் என்பதை நீங்கள் எழுதி வைக்கலாம். இது சுவரில் மாட்டுபவருக்கான இடம். ஆனால் சென்னைக்குப் பிரிண்ட் வாங்குபவர் வெளிநாட்டுத் தபால் செலவையும் தர வேண்டியிருந்தால் வாங்குவாரா என்று யோசியுங்கள். உள்ளூர் லேபில் பிரிண்ட் போட்டு நீங்களே அனுப்புவது மலிவாக இருக்கலாம்.

எந்தத் தளத்தில் இருந்தாலும், உங்களுக்கென்று ஒரு டொமைன் பெயர் வாங்கி வையுங்கள். அதாவது உங்கள் சொந்த இணைய முகவரி. இன்று அது ஸ்மக்மக் கேலரிக்குப் போகட்டும். நாளை வேறு தளத்துக்கு மாறினால், அதே முகவரியை அங்கே திருப்பி விடலாம். விசிட்டிங் கார்டை மாற்ற வேண்டாம். டொமைனைப் பதிவு செய்யும்போது உங்கள் பெயர், உங்கள் இமெயில் கொடுங்கள். வெப்சைட் செய்து தருபவர் தன் பெயரில் பதிவு செய்துவிட்டால், பிறகு சாவி அவரிடம்தான் இருக்கும்.

படம் யாருடையது?

விற்கும் முன் இதைப் படியுங்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957ன்படி, போட்டோவுக்கு எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. பொதுவாக எடுத்தவரே உரிமையாளர். ஆனால் 17ஆம் பிரிவு ஒரு விதிவிலக்கைச் சொல்கிறது. ஒருவர் பணம் கொடுத்து, அவர் கேட்டதன் பேரில் எடுத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர்.

அப்படியானால் மாமா எடுத்த கல்யாணப் படங்கள் யாருடையவை? கல்யாண வீட்டாருடையவை. அவற்றை விற்க அவரால் முடியாது. தன் கேலரியில் மாதிரியாகக் காட்டக்கூட அனுமதி கேட்டுக் கொள்வதுதான் முறை. ஆர்டர் எடுக்கும் ரசீதிலேயே "சில படங்களை மாதிரிக்குக் காட்டச் சம்மதம்" என்று ஒரு வரியும் கையெழுத்தும் வாங்கி வைத்தால் போதும். மகாமகப் படங்களை யாரும் பணம் கொடுத்து எடுக்கச் சொல்லவில்லை. அவை முழுக்க மாமாவுடையவை.

15,000 ரூபாய்க்காரர் கேட்டது லைசென்ஸ் அல்ல. உரிமையையே மாற்றி எழுதித் தருவது. அதில் கையெழுத்துப் போட்டால், 2028ல் ஒரு பத்திரிகை கேட்டாலும் மாமாவால் தன் படத்தைத் தானே தர முடியாது. ஒப்பந்தத்தில் காலமும் இடமும் எழுதாவிட்டால், 19ஆம் பிரிவின்படி 5 ஆண்டுகள், இந்தியாவுக்குள் என்று எடுத்துக் கொள்ளப்படும். ஆனால் "என்றென்றைக்கும், உலகம் முழுவதும்" என்று எழுதி நீட்டினால் அந்தப் பாதுகாப்பு உதவாது. அந்தத் தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது.

இதே எச்சரிக்கை தளங்களுக்கும் பொருந்தும். சேரும்போது எக்ஸ்க்ளூசிவ், நான் எக்ஸ்க்ளூசிவ் என்று இரண்டு வழிகள் இருக்கலாம். எக்ஸ்க்ளூசிவ் என்றால் அந்த ஒரு தளத்தில் மட்டுமே விற்கலாம். பங்கு கொஞ்சம் கூடுதலாக வரும். புதியவர்கள் நான் எக்ஸ்க்ளூசிவ் வழியில் தொடங்குவதே நல்லது.

பணம் வரும் வழி

பெரிய ஸ்டாக் தளங்கள் பல அமெரிக்க நிறுவனங்கள். அவை உங்களிடம் டபிள்யூ-8 பென் என்ற வரிப் படிவத்தை ஆன்லைனில் நிரப்பச் சொல்லும். பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் நடக்கும் விற்பனைக்கு 30 சதவீத வரி பிடிப்பது அங்குள்ள பொது விதி. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருப்பதால், படிவத்தில் இந்தியா என்று குறிப்பிட்டு பான் எண்ணைக் கொடுத்தால் ராயல்டிக்கு 15 சதவீதம்தான் பிடிப்பார்கள். நிரப்பாமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பணம் பெரும்பாலும் பேபால், பேயோனீர் போன்றவை வழியாக வரும். பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் நடக்கும் உள்நாட்டுப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைப் பெறலாம். எனவே ஸ்டாக் தளத்துக்குப் பேபால் உதவும். உள்ளூர் வாடிக்கையாளருக்கு யூபிஐ போதும். பான் கார்டில் உள்ள பெயரும், பேங்க் அக்கவுண்ட் பெயரும், தளத்தில் கொடுக்கும் பெயரும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கட்டும். வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்டவும் வேண்டும்.

உள்ளே போகும் முன் வெளியே வரும் வழி

நான் படித்ததில் முக்கியமாகத் தோன்றியது இதுதான். தளம் என்பது வாடகை வீடு. வீட்டுக்காரர் மாறலாம், வாடகை ஏறலாம், வீட்டையே இடிக்கலாம். கடந்த காலத்தைப் பாருங்கள்.

2016: கூகுள் தன் பிகாசாவை நிறுத்தியது.
2017: போட்டோபக்கெட், தன்னிடம் உள்ள படங்களை வேறு வெப்சைட்களில் காட்ட ஆண்டுக்குச் சுமார் 400 டாலர் திட்டத்தில் சேர வேண்டும் என்று அறிவித்தது. இலவசமாக வைத்திருந்தவர்களின் படங்கள் அந்த வெப்சைட்களில் மறைந்தன.
2018: 500பிஎக்ஸ் கைமாறி, ஜூன் 30ல் தன் விற்பனைப் பகுதியை மூடியது.
2019: ஸ்மக்மக்கின் கைக்கு வந்த பிளிக்கர், இலவச அக்கவுண்ட்டுக்கு 1,000 படங்கள்தான் என்ற வரம்பை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் 2013லிருந்து 1 டெராபைட் இலவசமாக இருந்தது. அதே ஆண்டு போட்டோலியா மூடப்பட்டது.
2023: ஜெர்மனியின் ஐயெம் தளம் திவாலாகி, பிரீபிக் நிறுவனத்திடம் சென்றது. 2024ல் அதன் விதிமுறை மாறியது. செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி அளிக்கப் படங்களைத் தரலாம் என்று புதிய வரி சேர்ந்தது. விரும்பாதவர்கள் படங்களை நீக்க 30 நாள் அவகாசம் தரப்பட்டது.

இவை எல்லாம் பெயர் பெற்ற தளங்கள்தான். அதனால் தளங்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரிஜினலை அங்கே மட்டும் வைக்காதீர்கள் என்கிறேன். ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது, அதுதான் இன்டர்நெட்டில் இருக்கிறதே என்று எண்ணி வீட்டுப் பிரதியை அழிக்காதீர்கள். கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு வீட்டிலோ ஆன்லைன் சேமிப்பிலோ ஒன்று என மூன்று பிரதிகள் வேண்டும். 12 மெகாபிக்ஸெல் ஜேபெக் படம் ஒன்று 5 எம்பி என்றாலும் 600 படங்களுக்கு 3 ஜிபிதான். ஒரு சிறிய பென் டிரைவில் அடங்கிவிடும்.

இன்னொன்று. தலைப்பு, இடம், தேதி, தேடல் சொற்கள் ஆகியவற்றைத் தளத்தில் நேரடியாக டைப் செய்யாமல், எக்ஸெல் ஷீட் ஒன்றில் முதலில் எழுதுங்கள். பிறகு காப்பி செய்து அங்கே ஒட்டுங்கள். தளம் மாறினாலும் அந்த உழைப்பு வீணாகாது.

சேரும் முன் கேட்க வேண்டிய எட்டு கேள்விகள்

1. என் வாடிக்கையாளர் மூன்று வகையில் எந்த வகை?
2. சேரக் கட்டணம் உண்டா? கட்டணம் கட்டாவிட்டால் என் படங்கள் என்ன ஆகும்?
3. எனக்கு எத்தனை சதவீதம்? எதன் மீது?
4. பணத்தை எடுக்கக் குறைந்தபட்சத் தொகை எவ்வளவு? எந்த வழியில் வரும்?
5. உரிமையை மாற்றித் தருகிறேனா, லைசென்ஸ் மட்டும் தருகிறேனா?
6. இதே படத்தை வேறு இடத்திலும் விற்கலாமா?
7. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு என் படம் போகுமா? வேண்டாம் என்று சொல்ல வழி உண்டா?
8. விலக நினைத்தால் எத்தனை நாளில் விலகலாம்?

இந்தக் கேள்விகளை வைத்து மாமா எடுத்த முடிவு இது. கல்யாண வீட்டார் பார்க்க, தன் பெயரில் டொமைனும் அனுமதி பெற்ற 20 படங்களும் கொண்ட சிறிய கேலரி. மகாமகப் படங்களில் நல்லவை 60ஐப் பொறுக்கி, அலமியிலும் ஷட்டர்ஸ்டாக்கிலும் எடிட்டோரியலாக, நான் எக்ஸ்க்ளூசிவ் முறையில். இன்ஸ்டாகிராமில் சிறிய பிரதிகள் மட்டும். புத்தகக்காரருக்கு, உரிமையை மாற்றித் தர முடியாது, 25 படங்களை ஒரே ஒரு புத்தகப் பதிப்புக்கு மட்டும் லைசென்ஸாகத் தருகிறேன் என்று எழுதி அனுப்பினார். அவர் பேரம் பேசி 5,000 ரூபாய் தந்தார். 10,000 ரூபாய் குறைவுதான். அத்தைக்கு அதில் வருத்தமும் உண்டு. ஆனால் 600 படங்களும் இன்னும் மாமாவுடையவை. தகரப் பெட்டியில் இருந்த 2004 நெகட்டிவ்களை இப்போது ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வருகிறார்.

நீங்கள் எங்கே தொடங்குவது? இந்த வாரம் எந்தத் தளத்திலும் சேர வேண்டாம். உங்கள் படங்களில் மிகச் சிறந்த 20ஐ மட்டும் ஒரு புதிய போல்டரில் காப்பி செய்யுங்கள். ஒவ்வொன்றின் பிக்ஸெல் அளவைப் பாருங்கள். எக்ஸெல் ஷீட்டில் தலைப்பு, இடம், தேதி எழுதுங்கள். முகம் தெரியும் படங்களுக்கு எதிரே சம்மதம் உண்டா, இல்லையா என்று குறியுங்கள். வாங்கப் போகிறவர் யார் என்று கடைசிக் கட்டத்தில் எழுதுங்கள். அந்தக் கட்டம் நிரம்பிய பிறகு, தளத்தைத் தேர்ந்தெடுக்கப் பத்து நிமிடம் கூட ஆகாது.